புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள்

அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் இரண்டு சொற்களில் இருந்தது. ஆஸ்பிரேஷன் நிமோனியா. அந்தக் காகிதம் ஒரு வாரம் டிவி மேசையின் மேல் கிடந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் எடுத்துப் படித்தார்கள். நானும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தேன். எல்லோர் கண்ணும் போய் நின்றது இரண்டாவது சொல்லில்தான். நிமோனியா தெரிந்த சொல். தெரிந்த சொல் கிடைத்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. முன்னால் இருந்த சொல் டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டோம். அதனால் கார்த்திகையில் அம்மா இரண்டாவது முறையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டி வந்தது. மைனியோ, அதாவது அண்ணன் மனைவி, அதற்கு முன்பே, செய்யாத தப்புக்குப் பழி சுமந்துவிட்டார். அந்தப் பழியைப் போட்டது நான். ஒரு வருஷமாக மனதில் கிடந்து உறுத்துவதை இப்போது எழுதிவிடுகிறேன்.

அண்ணன் வீடு திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆடியில் அம்மாவுக்கு வாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துபோயின. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. ஐப்பசிக்குள் பேச்சு ஓரளவு தெளிந்துவிட்டது. இரண்டு பேர் பிடித்தால் கட்டிலில் உட்காருவாள். அவளை முழுக்கப் பார்த்துக்கொண்டது மைனிதான். நான் நாகர்கோவிலிலிருந்து சனிக்கிழமை போய் ஞாயிறு ராத்திரி திரும்புவேன். அந்த இரண்டு நாளும் அம்மாவுக்குச் சாப்பாடு என் கையால்தான், வேறு யாரையும் விட மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்த காலையில், தலை அரிக்கிறது என்று அம்மா கேட்டதற்காக மைனி வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டினார். திங்கட்கிழமை அம்மா கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். அவளுடைய அக்கா இறந்து பல வருஷமாகிவிட்டது.

காய்ச்சல் இல்லை. பெரிய இருமலும் இல்லை. மறுபடியும் வாதம்தான் தாக்கிவிட்டது என்று நினைத்துக் கார் பிடித்தோம். ஆஸ்பத்திரியில் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினார்கள். 32. நல்ல உடம்போடு இருக்கிற பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபதுக்குள் இருக்க வேண்டியது. வயதானவர்களுக்கு நிமோனியா வரும்போது காய்ச்சல் அடிக்காமலே இருக்கலாம், சாப்பாடு வெறுப்பதும் புத்தி தடுமாறுவதும் மூச்சு வேகமாவதும்தான் முதலில் தெரியலாம் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நிமோனியா என்றார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த உடனே நான் வராந்தாவில் நின்ற மைனியிடம் போய், “மழை நாளில தலைக்கு ஊத்தண்டாம்னு எத்தன தடவ சொன்னேன் மைனி?” என்று கேட்டேன். சுற்றிலும் நாலைந்து சொந்தக்காரர்கள் நின்றார்கள். மைனி ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த துண்டை மடித்துக்கொண்டே நின்றார்.

அண்ணன் மகனுக்கு வந்ததும் நிமோனியாதான்

அதே வருஷம் ஆவணியில் அண்ணன் மகனுக்கும் நிமோனியா வந்திருந்தது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான், ஹாஸ்டல் வாசம். மூன்று வாரமாக வறட்டு இருமல், லேசான சூடு, தலைவலி. அவன் பாட்டுக்கு வகுப்புக்குப் போனான், சாயங்காலம் கிரிக்கெட்டும் விளையாடினான். மெடிக்கலில் கேட்டு அமாக்ஸிசிலின் வாங்கி ஐந்து நாள் போட்டிருக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்தபோது இருமல் சத்தம் கேட்டுப் பொறுக்காமல் மைனி இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். ஆளைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது. படத்தைப் பார்த்தால் நெஞ்சில் திட்டுத் திட்டாக இருந்தது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருக்கும் என்றார் டாக்டர். ஹாஸ்டல், பட்டாளத்து முகாம் என்று இளம் வயதுக்காரர்கள் நெருங்கி வாழும் இடங்களில் மெதுவாகப் பரவக்கூடியது. படுக்கையில் தள்ளாமல் நடமாட விடுவதால் இதை ‘வாக்கிங் நிமோனியா’ என்கிறார்கள். அமாக்ஸிசிலின் மாதிரி பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்ட விடாமல் செய்து அதைக் கொல்பவை. இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. இல்லாத சுவரை இடிக்கத்தான் பையன் ஐந்து நாள் மாத்திரை தின்றிருக்கிறான். அஸித்ரோமைசினுக்கு மாற்றினார்கள், சரியாகிவிட்டது.

இந்த அனுபவம் எங்களுக்கு ஒரு பொய்யான தைரியத்தைக் கொடுத்தது. அம்மாவுக்கும் நிமோனியா என்றதும் அண்ணன், “பயலுக்கு அஞ்சு நாள் மாத்திரையில சொகமாச்சே” என்றுதான் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார். ஒரே பெயர், அதனால் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் நிமோனியா என்பது நுரையீரலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் பெயர். காற்று நிற்க வேண்டிய நுண்ணிய அறைகளில் நீரும் சீழும் நிறைந்துவிட்டன. அவ்வளவுதான் அதன் பொருள். யார் நிறைத்தது, எந்த வழியாக வந்தது என்பதை அதற்கு முன்னால் வரும் சொல் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் ‘நிமோனியா காய்ச்சல்’ என்று பழைய ஆட்கள் சொல்வது பெரும்பாலும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. நேற்று வரை நன்றாக இருந்த ஆளுக்குத் திடீரென்று குளிரும் நடுக்கமும், மூச்சை இழுத்தால் ஒரு பக்க நெஞ்சில் குத்தல், துருப்பிடித்த நிறத்தில் சளி. நுரையீரலின் ஒரு மடல் முழுவதும் கெட்டியாகிவிடும். இதற்குச் சரியான ஆன்டிபயாடிக்கை நேரத்தோடு கொடுத்தால் நன்றாகக் கேட்கும். ஃப்ளூ, கொரோனா மாதிரி வைரஸ்கள் செய்யும் நிமோனியா இரண்டு பக்கமும் பரவி நிற்கும், ஆன்டிபயாடிக் அதைத் தொடக்கூட முடியாது. 2021-இல் அதைப் பார்க்காத தெரு நம் மாவட்டத்தில் உண்டா? ஆனால் ஃப்ளூ வந்து தேறிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இரண்டாவது தடவையாகக் காய்ச்சல் ஏறினால், வைரஸ் திறந்துவிட்ட கதவு வழியாக பாக்டீரியா நுழைந்திருக்கலாம். அப்போது கதை வேறு. ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரம் கழிந்த பிறகு தொற்றுகிற நிமோனியாவைத் தனியாக வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே இருக்கும் கிருமிகள் பல மருந்துகளைப் பார்த்துப் பழகியவை. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு வருவது அதிலும் கடுமையானது. வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிற நம் வழக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது. அப்புறம், நிமோனியா என்று மருந்து கொடுத்தும் வாரக்கணக்கில் ஆறாத இருமல் காசநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். அதைச் செய்யாமல் மெடிக்கலில் மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது பெரிய தப்பு. லெவோஃப்ளாக்சசின் மாதிரி சில மருந்துகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதையே தள்ளிப்போட்டுவிடும்.

எல்லா நேரமும் கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிவதில்லை. சளியையும் ரத்தத்தையும் பரிசோதித்தும் பலருக்கு எது என்று தெரியாமலே போகிறது. அதனால் டாக்டர்கள் வயது, எங்கே இருந்தார், எவ்வளவு வேகமாக வந்தது, நுரையீரலின் எந்த இடத்தில் வெள்ளை என்பதையெல்லாம் வைத்து ஊகித்துத்தான் வைத்தியம் தொடங்குகிறார்கள். அந்த ஊகத்துக்குப் பாதிச் சரக்கு நாம் வாயால் சொல்வது. நாங்கள் முதல் ஆஸ்பத்திரியில் சொன்னதெல்லாம் மழையும் குளியலும். கஞ்சியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தே சரியான பெயரை எழுதினார்கள், ஒன்பது நாளில் தேற்றி அனுப்பினார்கள். அந்தப் பெயருக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

ஸ்பூனை வைக்கச் சொன்ன டாக்டர்

கார்த்திகையில் மறுபடியும் அதே மூச்சு, அதே தடுமாற்றம். இந்தத் தடவை குளியலே இல்லை. என் பேச்சுக்குப் பிறகு மைனி அம்மாவுக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று சனிக்கிழமை. சாயங்காலம் நான் சம்பா அரிசிக் கஞ்சியை நன்றாக நீர்க்கக் கரைத்துப் பிளாஸ்க்கில் கொண்டு போயிருந்தேன். அம்மா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மல்லாந்து படுத்திருந்தாள். தலைக்கு ஒரு தலையணை. நான் முதல் ஸ்பூனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகும்போது, அடுத்த கட்டிலில் நின்றுகொண்டிருந்த இளம் டாக்டர் ஒருவர் திரும்பிப் பார்த்து, “அதைக் கீழே வைங்க அக்கா” என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் கை தானாக நின்றுவிட்டது.

“வீட்டுல எப்படிச் சாப்பிடுவாங்க? உட்கார்ந்தா, படுத்தா?”

“படுத்துதான் டாக்டர். இப்படித்தான்.”

“புரையேறுமா?”

“முன்னால அடிக்கடி ஏறும். இப்போ ஒரு மாசமா இல்ல. நல்லாயிட்டு வருது.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்தார். ஒரு ஸ்பூனில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் எடுத்து வாயில் விட்டு, தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். “உங்க பேரு சொல்லுங்கம்மா” என்றார். அம்மா சொன்னாள். குரல், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கொப்பளிப்பதுபோலக் கொழகொழவென்று வந்தது. ஆனால் இருமவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தக் குரலை நான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாதம் வந்த வாய், அதனால்தான் பேச்சு அப்படி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். “தண்ணி உள்ள போய்க் குரல்வளை மேல நிக்குது. அது அங்க நிக்கறதே அவங்களுக்குத் தெரியல. புரையேறது நின்னது நல்லாயிட்டதால இல்ல அக்கா. இருமித் தள்ளற சக்தி போயிடுச்சு. இப்போ சத்தமில்லாம உள்ள போகுது.”

பிறகு கட்டிலின் காலடியில் மாட்டியிருந்த ஃபைலில் இருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தார். அதே காகிதம், டிவி மேசையில் கிடந்தது. நோயின் பெயரில் முதல் சொல்லுக்குக் கீழே பேனா முனையை வைத்து, “இதைத் தமிழ்ல சொன்னா புரையேறினதுதான்” என்றார்.

எனக்குத் தெரிந்த சொல்தான். பிறந்ததிலிருந்து தெரிந்த சொல். சோறு தொண்டையில் மாறிப் போனால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தண்ணீர் குடிக்கக் கொடுப்போமே, அது. அம்மாவுக்குப் புரையேறும்போதெல்லாம் நாங்கள் சொன்னதும் அதைத்தான். தம்பி சவுதியில் இருக்கிறான். “பாரு, உன் சின்ன மவன் நினைக்கான்” என்று சொல்வேன். கண்ணில் நீர் முட்ட இருமிக்கொண்டே அம்மா சிரிப்பாள். தலையில் தட்டுவேன், உடனே ஒரு வாய் தண்ணீர் கொடுப்பேன். அந்தத் தண்ணீரும் போக வேண்டிய வழியில் போகவில்லை என்பது இப்போது தெரிகிறது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு புரையேறுவது நின்றதும் அம்மா ஒரு நாள், “இப்போ அவன் நினைக்கல்ல போலிருக்கு” என்றாள். எங்களுக்கு அது கேலிப் பேச்சாகப் பட்டது. சந்தோஷப்பட்டோம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை இடதைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அதனால் தவறி உள்ளே விழுவது பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும். இரண்டு தடவையும் வலது பக்கமே வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் அது. கஞ்சியோடு வாயில் இருக்கும் கிருமிகளும் எச்சிலோடு சேர்ந்து இறங்கியிருக்கின்றன. ஆன்டிபயாடிக் அந்தக் கிருமியைக் கொல்லும். சாப்பிடுகிற முறையை மாற்றாவிட்டால் அடுத்த வாரம் வேறு கிருமி இறங்கும். “நீங்க எத்தனை தடவை கூட்டிட்டு வந்தாலும் நாங்க குணப்படுத்தி அனுப்புவோம், ஆனா ஒவ்வொரு தடவையும் அவங்க உடம்பு தாங்காது” என்றார்.

அன்று ராத்திரி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சனி, ஞாயிறு என் கை. என் கைதான் எல்லோரையும்விட வேகமான கை. மைனி கொடுத்தால் ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். நான் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, “பாருங்க மைனி, எனக்கிட்ட நல்லா குடிக்கா” என்று பெருமையாகக் காட்டுவேன். நீர்க்கக் கரைப்பதும் என் பழக்கம். நோயாளிக்குத் தண்ணியாகக் கொடுத்தால்தான் எளிதாக இறங்கும் என்று நம்பினேன். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் மாதிரி இருப்பதுதான் அதிக ஆபத்து. மூச்சு வழி மூடிக்கொள்ளும் முன்பே அது ஓடிவிடும். கொஞ்சம் கொழுத்த கஞ்சி மெதுவாக இறங்கும். ஐப்பசியில் குளியல் வெள்ளிக்கிழமை. நான் கஞ்சி கொடுத்தது சனியும் ஞாயிறும். அம்மா முகம் திருப்பியது திங்கட்கிழமை. வராந்தாவில் நின்று மைனியைக் கேட்டபோது இந்தக் கிழமைக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மழையில் நனைந்தால், தலைக்கு ஊற்றினால் நிமோனியா வராது. கிருமியோ, அந்நியப் பொருளோ நுரையீரலுக்குள் போக வேண்டும். மழைக்காலத்தில் அதிகம் பேருக்கு வருவதற்கு, ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்பதும் வைரஸ் அப்போது எளிதாகப் பரவுவதும் ஒரு காரணம். தண்ணீர் மேல் பழி போடுவது எளிது. தண்ணீர் ஊற்றிய மருமகள் மேல் போடுவது அதைவிட எளிது.

இருமல் என்கிற காவல்

நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த சோமர்வெல் டாக்டரைப் பற்றி எங்கள் பக்கம் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1922-இல் எவரெஸ்ட் பயணக் குழுவில் வந்தவர், அதன் பிறகு தெற்கே வந்து நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து இங்கேயே பணி செய்ய முடிவெடுத்தவர். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டில் ஏறியபோது, இறங்கும் வழியில் தொண்டைக்குள் ஏதோ அடைத்து மூச்சு நின்றுபோனது. அவருடைய குரல்வளையின் உள்தோல் கடுங்குளிரில் உறைந்து செத்து, பெயர்ந்து வந்து அடைத்திருந்தது. சாகப் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி முழுப் பலத்தோடு ஒரு தடவை இருமினார். அடைத்தது வெளியே வந்தது, பிழைத்தார். அந்த ஒரு இருமல் இல்லாவிட்டால் நெய்யூருக்கு அந்த டாக்டர் திரும்பி வந்திருக்க மாட்டார். அம்மாவிடம் இல்லாமல் போனது அந்த இருமல்தான். அவளுக்குச் சளியைக் குறைக்க என்று நான் இருமல் சிரப் வாங்கிக் கொடுக்கப் பார்த்த நாட்களும் உண்டு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சுற்றிலும் பார்க்கும்போது, அன்பான கைகளால் வருகிற நிமோனியா இது ஒன்று மட்டும் இல்லை என்று புரிகிறது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டியதும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது, சளி எடுக்க ஊதுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. எண்ணெய் தண்ணீரைப்போல உறுத்தாது, அதனால் குழந்தை இருமாது. வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். நாள் ஆக ஆக அது ஒரு நிமோனியாவாகும். கிருமி இல்லாததால் ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. லிப்பாய்டு நிமோனியா என்று பெயர். குழந்தையைப் படுக்கவைத்து, மூக்கைப் பொத்திச் சங்கில் மருந்து புகட்டுவதும் அதே வழிதான். தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாட்டி வருத்தப்பட்டால் படட்டும்.

கடற்கரை ஊர்களில் இன்னொன்று. வள்ளத்து எஞ்சினுக்கு வைத்திருக்கும் மண்ணெண்ணெய் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருக்கும். தவழ்கிற பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். பதறிப்போய்த் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். வயிற்றுக்குள் போன மண்ணெண்ணெயைவிட, வாந்தியில் ஏறி நுரையீரலுக்குள் போகிற மண்ணெண்ணெய்தான் ஆளைக் கொல்லும். வாந்தி எடுக்க வைக்காமல், வாயில் எதுவும் ஊற்றாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோ, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியோ, எது அருகிலோ அங்கே.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது மூச்சு எண்ணிக்கையைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60-உம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-உம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-உம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு, காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் காத்திருக்கவே கூடாது. நிமோகாக்கல் தடுப்பூசியை 2021-இலிருந்து தமிழ்நாட்டில் அரசே இலவசமாகப் போடுகிறது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். பெரியவர்களுக்கும் உண்டு, ஆனால் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அம்மாவுக்குப் போட்டோம். கஞ்சி உள்ளே போவதை அந்த ஊசி தடுக்காது என்பதையும் டாக்டர் சேர்த்தே சொன்னார்.

மறு ஐப்பசி

அம்மா இந்த ஒரு வருஷத்தில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சில நாள் மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தார்கள். அது இருந்தாலும் எச்சில் உள்ளே போகலாம் என்பதால் வாயைச் சுத்தமாக வைக்கச் சொன்னார்கள். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பாடு. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்க வேண்டும். கஞ்சி கொழுகொழுவென்று இருக்கும். மரச்சீனிக்கிழங்கு மசித்தது, மட்டிப்பழம் பிசைந்தது எல்லாம் ஒழுங்காக இறங்குகிறது. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்க விடுவதில்லை. காலையிலும் ராத்திரியிலும் பல் தேய்த்துவிடுகிறோம். சாப்பிடும்போது டிவி கிடையாது, பேச்சும் கிடையாது. நாற்பத்தைந்து நிமிஷம் ஆகிறது, ஆகட்டும்.

மைனியிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பல மாதம் ஆனது. தனியாகக் கேட்டால் போதாது என்று பட்டது, ஏனென்றால் பழி போட்டது சொந்தக்காரர்கள் நடுவில். சித்திரையில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் கூடியபோது, குளியலால் இல்லை, நான் கொடுத்த கஞ்சியால்தான் என்று சொன்னேன். சித்தி ஒருத்தி, “போட்டு, அதெல்லாம் இனி எதுக்கு” என்று பேச்சை மாற்றினாள். மைனி அடுக்களைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். முறத்தில் பயறு பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ சொன்னது எனக்குப் பெருசில்ல. ஆனா அம்மைக்குத் தலைக்கு ஊத்த இப்பவும் கை வரமாட்டேங்கு. துடைச்சு மட்டுந்தான் விடுதேன்.”

போன வாரம் ஐப்பசி மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. சனிக்கிழமை நான் போனபோது அம்மா, தலை அரிக்கிறது, ஒரு மட்டம் ஊத்துங்க என்று இரண்டு பேரையும் கெஞ்சினாள். மைனி என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தோம். மைனி முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார், கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு செம்பை என் கையில் கொடுத்து, “முத செம்பு நீ ஊத்து” என்றார். ஊற்றினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “இனியும் ஊத்து மக்களே” என்றாள். இரண்டாவது செம்பை மைனி மொண்டார்.